பிளாக்கை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்: குடல் புற்றுநோய்க்கு இன்னொரு டாக்டரிடம் கேட்கப் போகிறவர்களுக்கு

அப்பாவின் குடல் புற்றுநோய்க்கு இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க, செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாங்கள் போன முதல் பயணம் முழுக்க வீண். விடியற்காலை எழுந்து, புளியரை எஸ் வளைவில் அப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்து, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு, நெடுமங்காடு என்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி, ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மருத்துவமனையில் சீட்டுப் போட்டு வரிசையில் உட்கார்ந்து, எங்கள் முறை வந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பிளாக் கொண்டு வந்நிட்டுண்டோ?" என் கையில் இருந்தது ஜெராக்ஸ் தாள்கள். அதிலும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை. டாக்டர் கோபப்படவில்லை, இதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது, அடுத்த வாரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது அப்பா ஆரியங்காவு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிளாக் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சதை டெஸ்டுக்கு எடுக்கிற துணுக்கை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள், அதன் ஓரத்தில் பென்சிலில் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது கருத்து என்பதே பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதிலிருந்து புதிதாகச் சீவல் எடுத்து அவர்களுடைய பேதாலஜி டாக்டரே பார்ப்பார், கூடுதல் சோதனைகளையும் பெரும்பாலும் அதில்தான் செய்வார்கள். சதை டெஸ்ட் எந்த லேபில் செய்தார்களோ அங்கே "மேல் சிகிச்சைக்காக" என்று ஒரு கடிதமும் நோயாளியின் ஆதார் நகலும் கொடுத்துக் கேளுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள், சாயம் ஏற்றிய கண்ணாடி ஸ்லைடுகளையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். மெழுகு என்பதால் வெயில் ஆகாது. பஸ்ஸில் முன்கண்ணாடிக்குக் கீழேயோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நான் இரண்டாம் தடவை போனபோது மாத்திரைக் கவரில் போட்டு, பஞ்சு சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன், கண்டக்டர் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டபோதுகூடப் பையைக் கீழே வைக்கவில்லை.

அப்புறம் ஸ்கேன். பெரிய கவரில் கறுப்பு பிலிம் தருவார்களே, அது போதாது. சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்திருப்பார்கள், பிலிமில் வருவது கொஞ்சம்தான். படங்கள் மொத்தமும் டைகாம் என்கிற கம்ப்யூட்டர் வடிவில் ஒரு குறுந்தட்டில் வேண்டும் என்று கேளுங்கள், அந்தத் தட்டு திறக்கிறதா என்று அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். இவற்றோடு கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட், சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை (குடல் கேன்சரில் கூடக்கூடிய ஒரு புரதத்தின் அளவு), ஆபரேஷன் ஆகியிருந்தால் ஆபரேஷன் குறிப்பும் அறுத்தெடுத்த குடலின் பேதாலஜி ரிப்போர்ட்டும், டிஸ்சார்ஜ் சம்மரி. "ஆபீஸில் ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தால், 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று அமைதியாகச் சொல்லுங்கள், எழுத்தில் கேட்டுத் தேதி முத்திரையும் வாங்குங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்திலும் இருக்கிறது. எங்களுக்கு அதையெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, கேட்டோம், கொடுத்துவிட்டார்கள். முதல் தடவை கேட்காததுதான் எங்கள் தப்பு.

ஏன் கேட்கவில்லை என்றால் பயம். முதலில் பார்த்த டாக்டரைப் பற்றி அப்பா சொன்னது இதுதான்: "ஏட்டி, அவ்வளவு தன்மையா பேசுதாவ, அவுகள விட்டுட்டு வேற எடத்துக்குப் போறோம்னா மனசு சங்கடப்படுவாவளா இல்லியா? நாளைக்கு அவுககிட்டயே ஆபரேசனுக்குப் படுக்கணும்லா?" இந்தச் சங்கடத்தில்தான் பாதிப் பேர் திருட்டுத்தனமாகக் கிளம்பி, அரைகுறைத் தாள்களோடு போய், அரைகுறையான பதிலோடு திரும்புகிறோம். இரண்டாம் தடவை நான் நேராக அவரிடமே போய், "சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துலயும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடுறோம், ஒரு லெட்டர் தர முடியுமா" என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார், எழுதினார், கொடுத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்காக நாங்கள் வீட்டில் நாலு நாள் தூங்கவில்லை.

எப்போது கேட்க வேண்டும்?

சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால். இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும், ஏனென்றால் ஒரு தடவை கத்தி வைத்துவிட்டால் பல கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போய்விடும். குடலில் வருகிற கட்டி பெரும்பாலும் மெதுவாக வளர்ந்ததுதான், இரண்டு மூன்று வாரம் எடுத்து இன்னொருவரிடம் காட்டுவதால் பொதுவாகக் கெட்டுப்போவது எதுவும் இல்லை. "இன்னைக்கே அட்மிட் ஆகுங்க, இல்லேன்னா பரவிடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் இன்றைக்கே என்று காரணம் கேளுங்கள். காரணம் நிஜமாகவே இருக்கலாம். வயிறு உப்பி, காற்றுக்கூடப் பிரியாமல், வாந்தி எடுக்கிறார் என்றால் குடல் அடைத்திருக்கிறது. தாங்க முடியாத வயிற்றுவலியோடு காய்ச்சல் என்றால் குடல் ஓட்டை விழுந்திருக்கலாம். நிற்காமல் ரத்தம் போவதும் அப்படித்தான். அப்போது இரண்டாவது கருத்தும் கிடையாது, திருவனந்தபுரமும் கிடையாது, பக்கத்தில் எங்கே சர்ஜன் இருக்கிறாரோ அங்கேதான்.

அதற்குப் பிறகும் சில இடங்களில் நின்று கேட்கலாம். ஆபரேஷன் முடிந்து பேதாலஜி ரிப்போர்ட் வந்ததும் ஒரு தடவை, ஆனால் அங்கே நேரம் குறைவு, கீமோ தேவைப்பட்டால் ஆபரேஷனிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது என்பார்கள். கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவியிருக்கிறது, இனி ஆபரேஷனே கிடையாது என்று சொன்னால் கட்டாயம் கேட்க வேண்டும். கொடுத்துக்கொண்டிருந்த மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தாலும் கேட்கலாம்.

என்ன கேட்க வேண்டும்?

"எல்லாம் சரியா இருக்கா சார்" என்று கேட்டால் "சரியா இருக்கு" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் கூர்மையாக்கிக்கொண்டு போக வேண்டும். முதலில் கட்டி பெருங்குடலிலா மலக்குடலிலா என்று தெரிந்துகொள்ளுங்கள், இரண்டையும் குடல் கேன்சர் என்று ஒரே வாயில் சொன்னாலும் வைத்தியம் வேறு.

எங்கள் அப்பாவுக்கு மலக்குடல், ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர். ஏழு மாதம் மூலம் என்று நினைத்து களிம்பு போட்டுக்கொண்டிருந்தார், அது தனிக் கதை. முதலில் பார்த்த இடத்தில் நேராக ஆபரேஷன், மலம் போவதற்கு நிரந்தரமாக வயிற்றில் பை என்று சொல்லிவிட்டார்கள். இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவே இல்லை. மலக்குடல் கட்டிக்கு அந்த எம்.ஆர்.ஐ. இல்லாமல் முடிவெடுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைக்கிற கதை. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, சுற்றியிருக்கிற கொழுப்பு உறையின் விளிம்பைத் தொடுகிறதா, நிணநீர்க் கணுக்கள் எப்படி என்பதெல்லாம் அதில்தான் தெரியும். திருவனந்தபுரத்தில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைக்கலாம், கூடவே கேப்சைட்டபின் என்கிற கீமோ மாத்திரை, கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன் என்றார்கள். அப்பாவுக்கு பை வைத்தார்கள், ஆனால் தற்காலிகமாக, சில மாதம் கழித்து மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. கட்டி ஆசனவாயை மூடித் திறக்கிற சுருக்குத் தசையைப் பிடித்திருந்தால் நிரந்தரப் பைதான் சரியான பதில், பையோடு கடைக்குப் போய் உட்காருகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஆக மலக்குடல் என்றால் கேட்க வேண்டியவை: எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது, கரண்ட் முன்னாலா பின்னாலா, ஐந்து நாள் கரண்டா ஐந்து வாரத்துக்கு மேலா, பை தற்காலிகமா நிரந்தரமா, மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு சேர்த்து முழுசாக எடுக்கிற ஆபரேஷனை அந்த சர்ஜன் வருடத்துக்கு எத்தனை செய்கிறார். அந்த முறையை இங்கிலாந்தில் பில் ஹீல்ட் என்ற சர்ஜன் 1982இல் எழுதிக் காட்டிய பிறகுதான் அதே இடத்தில் கட்டி திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது, ஆகவே சர்ஜன் கையைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கரண்டும் கீமோவும் முடிந்து பார்த்தால் சிலருக்குக் கட்டியே தெரியாமல் போயிருக்கும். அப்போது வெட்டாமல் நெருக்கமாகக் கண்காணிக்கிற வழி ஒன்று உண்டு, பிரேசிலில் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா என்ற சர்ஜன் தொடங்கி வைத்தது. அதற்கு எங்களுக்குத் தகுதி உண்டா, அடிக்கடி எம்.ஆர்.ஐ.யும் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனையும் செய்ய உங்களிடம் வசதி உண்டா என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றால் முதல் கேள்விக்கு அர்த்தம் இல்லை.

பெருங்குடல் என்றால் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன். பிறகு பேதாலஜி ரிப்போர்ட்டில் எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள் என்ற எண்ணைத் தேடுங்கள், குறைந்தது 12 இருக்க வேண்டும், ஐந்தோ ஆறோ என்றிருந்தால் கணுவில் பரவிய மூன்றாம் நிலையை, பரவாத இரண்டாம் நிலை என்று எடுத்துக்கொள்கிற ஆபத்து உண்டு. மூன்றாம் நிலையில் மூன்று மாத கீமோ போதுமா ஆறு மாதம் வேண்டுமா என்று கேளுங்கள். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான முடிவுப்படி, மூன்றாம் நிலையிலேயே ஆபத்துக் குறைந்தவர்களுக்கு, கேப்சைட்டபினும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த மருந்தை மூன்று மாதம் கொடுத்தாலே கிட்டத்தட்ட அதே பலன்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று, எம்.எம்.ஆர். சோதனை செய்தாச்சா என்பது. செல்லின் டி.என்.ஏ.யில் விழுகிற பிழைகளைத் திருத்துகிற ஏற்பாடு கட்டியில் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அது. அதற்குத்தான் அந்த மெழுகு பிளாக். அதில் குறைபாடு இருக்கிறது என்று வந்தால் வைத்தியப் பாதையே மாறலாம். நியூயார்க்கில் அப்படிக் குறைபாடு உள்ள மலக்குடல் நோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்து, 12 பேருக்கும் கட்டி மறைந்தது என்று 2022இல் செய்தி வந்ததே, அது இந்த வகைக்கு மட்டும்தான். நம் வீட்டு ஆளுக்கும் அது கொடுப்பார்களா என்று வாட்சாப்பில் வந்த செய்தியைக் காட்டிக் கேட்பதைவிட, எம்.எம்.ஆர். பார்த்தீர்களா என்று கேளுங்கள். பரவிய நோய் என்றால் கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப் என்கிற மரபணுச் சோதனைகள். கல்லீரலில் மட்டும் சில கட்டிகள் என்றால், கல்லீரல் ஆபரேஷன் செய்கிற சர்ஜன் படத்தைப் பார்த்தாரா என்பது. கீமோ டாக்டர் ஒருவர் மட்டும் "எடுக்க முடியாது" என்று சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

புது டாக்டரிடம் போனதும் பழைய டாக்டர் சொன்னதை முதலிலேயே கொட்டிவிடாதீர்கள். தாள்களைக் கொடுத்துவிட்டு அவரை முதலில் பேசவிடுங்கள், அப்புறம் கேளுங்கள். வீட்டிலேயே ஒரே தாளில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போவது பெரிய உதவி: எப்போது ரத்தம் போக ஆரம்பித்தது, எந்தத் தேதியில் என்ன பார்த்தார்கள், சர்க்கரை, பிரஷர், சாப்பிடுகிற மாத்திரை. எல்லை தாண்டிப் போகும்போது அந்தத் தாளுக்கு இன்னும் மதிப்பு. நாங்கள் செங்கோட்டைக்காரர்கள், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம், மலையாளம் காதுக்குப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கரன்கோவில்காரரிடம் நர்ஸ் "பனி உண்டோ?" என்று கேட்க, அவர் "காலையில கொஞ்சம் உண்டும்மா, வெயில் வந்தா போயிரும்" என்றார். காய்ச்சலைக் கேட்கிறாள் அண்ணாச்சி என்று நான் சொல்வதற்குள் அவள் எழுதியே விட்டாள்.

எங்கே போவது என்பதற்குப் பெரிய பட்டியல் வேண்டாம். எங்கள் பக்கத்துக்கு 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆர்.சி.சி., மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை, அங்கே முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். குடியாத்தம், சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. கைக்கெட்டும் தூரம். அலைய முடியாதவர்களுக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து இயங்குகிற நவ்யா சேவை உண்டு, ரிப்போர்ட்டுகளை இணையத்தில் ஏற்றினால் எழுத்தில் கருத்து வரும். ரயிலில் சிகிச்சைக்குப் போகிற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதும் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் என்ற அந்தத் தொகையை எந்த மருத்துவமனையில் எடுக்கலாம் என்று அட்டையோடு காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். அக்காவின் மாமனாருக்குப் பெருங்குடல் கட்டி, மூன்று ஊரில் மூன்று பேரும் ஆபரேஷன் என்றே சொன்னார்கள், அவருக்கோ ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்கிற டாக்டர் வேண்டும். நாலாவதாக அப்படி ஒரு மூலிகைக்காரர் கிடைத்தார். அடைப்போடு ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருவரும் வேறு வேறு சொன்னால், டியூமர் போர்டில் வைத்துப் பேசுவீர்களா என்று கேளுங்கள். சர்ஜன், கீமோ டாக்டர், கரண்ட் டாக்டர், ஸ்கேன் பார்க்கிறவர், பேதாலஜி டாக்டர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிற கூட்டம் அது.

டாக்டரையே மாற்றுவது

இது வேறு விஷயம். கருத்துக் கேட்டுவிட்டு பழைய இடத்திலேயே தொடர்வதுதான் பலருக்கும் வசதி. டாக்டர் மூன்று நிமிடம்தான் பேசினார், முகம் கொடுக்கவில்லை என்பதற்காக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பக்கவிளைவைச் சொன்னால் காதில் வாங்கவில்லை, என்ன மருந்து எதற்கு என்று எழுத்தில் தர மறுக்கிறார் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

நாங்கள் மாற்றினோம். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோவை ஊருக்குப் பக்கத்திலேயே போடலாம் என்று ஒரு இடத்தில் போட்டோம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆக்ஸாலிபிளாட்டின், கூடவே கேப்சைட்டபின் மாத்திரை. முதலில் குளிர்ந்த தண்ணீர் தொட்டால் விரல் ஷாக் அடித்தது, அது பெரும்பாலும் எல்லோருக்கும் வரும், ஒரு வாரத்தில் போனது. மூன்றாவது சுழற்சிக்குப் பிறகு போகவில்லை. அப்பா பலசரக்குக் கடைக்காரர், ஐம்பது வருடமாகப் பார்க்காமலே காசு எண்ணுகிற கை. ஒரு நாள் கல்லாப்பெட்டிக்குள் கையை விட்டவர் இரண்டு ரூபாய் எது ஐந்து ரூபாய் எது என்று விரலுக்குத் தெரியாமல், காசை எல்லாம் மேசையில் பரப்பிக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள். இதைச் சொன்னபோது அங்கே "கீமோன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லி நாலாவதும் அதே அளவில் ஏற்றினார்கள். ஐந்தாவதுக்கு முன்னால் மாறினோம். புது டாக்டர் அப்பாவிடம் ஒரு பேனா மூடியைக் கொடுத்துக் கழற்றச் சொன்னார், முடியவில்லை, ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடரச் சொன்னார். ஒரு சுழற்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவே மரத்துப்போனது சரியாகாமலே இருந்தால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, எல்லா கீமோ டாக்டருக்கும் தெரிந்த விஷயம். விரல் இப்போதும் முழுசாகத் திரும்பவில்லை.

மாறுவதென்றால் ஒரு சுழற்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மாறுங்கள். புது இடத்தில் தேதி வாங்கிய பிறகு பழைய இடத்தை விடுங்கள், நடுவில் மாதக்கணக்கில் வெற்றிடம் விழக்கூடாது. கீமோ அட்டையில் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, அன்றைய எடை, எங்கே அளவு குறைத்தார்கள் என்பது இருக்க வேண்டும். காப்பீட்டில் அடுத்த சுழற்சிக்குப் பழைய இடத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தால் அந்த அனுமதியை மூடிவிடச் சொல்லுங்கள். கரண்ட் மட்டும் பாதியில் மாற்றாதீர்கள், அந்த இயந்திரத்துக்கு என்று கணக்குப் போட்டு, உடம்பில் புள்ளி குத்தி வைப்பது அது. முடிந்த பிறகு மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை தடவை, எந்த இடம் என்ற தாளை வாங்கி லேமினேட் செய்தே வைக்கலாம், ஏனென்றால் அதே இடத்தில் இன்னொரு தடவை வைப்பது லேசில் முடியாது.

பழைய டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள். நானும் கிட்டத்தட்ட போட்டுவிட்டேன், அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ராத்திரியில் அவசரம் என்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் ஓட வேண்டியிருக்கும். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளையணு குறைகிற காலம், அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே விடியும் வரை காத்திருக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். திருவனந்தபுரம் மூன்று மணி நேரத்துக்கு மேல். அப்பாவுக்கு அந்தக் காய்ச்சல் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. முதன்முதலில் லெட்டர் எழுதிக் கொடுத்தாரே, அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்டோவில் போனோம். கேஷுவாலிட்டியில் இருந்த சிஸ்டர் கீமோ அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், பத்தாம் நாள் என்று சொல்லிக்கொண்டே ரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்தார்.